பாக்கிக் கட்டம் திரையில் தெரிய வேண்டும்: ரிமோட் டெஸ்க்டாப் முழுத்திரைப் பழுதுநீக்கம்

மண்டபத்தில் நண்டும் கணவாயும் இறாலும் கொள்முதல் செய்து வெளியூருக்கு அனுப்பும் ஒரு சிறு நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிப்பது என் பொறுப்பு. அங்கே கணக்கு எழுதும் அக்காவின் வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், தங்கச்சிமடத்தில். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் நாட்களிலும், சரக்கு தாமதமாக வந்து சேரும் மாலைகளிலும் அவர் வீட்டில் இருந்தபடியே அலுவலகக் கணினிக்குள் நுழைந்து கணக்கை முடிப்பார். அவர் சொன்ன குறை ஒரே வரிதான்: “தம்பி, திரை முழுதாக விரிய மாட்டேன் என்கிறது, பாக்கி தெரியவில்லை.”

அவருடைய எக்செல் தாளில் இடது ஓரம் படகின் பதிவு எண்ணும் உரிமையாளர் பெயரும் இருக்கும். அடுத்தடுத்து சரக்கு வகை, எடை, விலை, ஐஸ் செலவு, டீசல் முன்பணம். வலது கோடியில் பாக்கி. கீழ்க்கோடியில் அன்றைய மொத்தம். பணத்தைச் சொல்லும் எண்கள் எல்லாம் விளிம்பில் நிற்பதால், திரை கொஞ்சம் வெட்டுப்பட்டாலும் முதலில் மறைவது அவைதாம். தாளை வலப்பக்கம் நகர்த்திப் பார்த்து, திரும்ப இடப்பக்கம் வந்து, அடுத்த வரிக்குப் போகும்போது கண் ஒரு வரி இறங்கினால் ஒருவரின் முன்பணம் இன்னொருவர் பெயரில் ஏறிவிடும். விடியுமுன் கடலுக்குப் போய் வலை இழுத்தவரின் கூலி அது. அதனால் இந்த வேலையை நான் அழகுபடுத்தும் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

கணினியைப் பிரித்துப் பார்க்கத் தடைக்காலம் வசதியாக அமைந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லாததால் நண்டு வரவு நிற்காது; இறால் வரவுதான் சுருங்கிவிடும். கணக்குத் தாளில் வரிகள் குறைவு, அலுவலகக் கணினி பகலில் கைக்குக் கிடைக்கும்.

எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும் என்பது என் பழக்கம்: அந்தப் படத்தின் அளவை முடிவு செய்வது யார்? தொலைவில் உள்ள கணினியைக் காட்டும் மென்பொருள்கள் இரண்டு வகை. ஒரு வகை, அங்கே மேசைமேல் இருக்கும் மானிட்டரில் என்ன தெரிகிறதோ அதையே எடுத்து அனுப்பும். சன்னல் வழியாக அறைக்குள் பார்ப்பதைப் போன்றது அது. அறை எவ்வளவோ அவ்வளவுதான் தெரியும். விஎன்சி முதலான திரைப்பகிர்வு மென்பொருள்கள் பெரும்பாலும் இந்த வகை. விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வேறு வகை. அது மேசை மானிட்டரைப் பொருட்படுத்துவதில்லை. இணைகிறவரின் திரைக்கு ஏற்பப் புதிதாக ஒரு திரையை உருவாக்கித் தரும். முதல் வகையில் கோளாறு வந்தால் அலுவலகத்துக்குப் போக வேண்டும். இரண்டாம் வகையில் வந்தால் பெரும்பாலும் வீட்டுக் கணினியிலேயே விடை இருக்கும். இதைப் பிரித்துக்கொள்ளாமல் அங்கே ஒரு செட்டிங், இங்கே ஒரு செட்டிங் என்று மாற்றிக்கொண்டே போனால் கோளாறு இடம் மாறுமே தவிரத் தீராது.

அக்கா பயன்படுத்தி வந்தது திரைப்பகிர்வு வகை. அவருடைய மடிக்கணினித் திரை 1366க்கு 768 பிக்சல். அலுவலக மானிட்டர் 1920க்கு 1080. அவர் பிடித்து அனுப்பிய படத்தில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவில் சதுரத்துக்கு நெருக்கமான ஒரு படம். பட்டைகளின் அகலத்தை அளந்தால் பக்கத்துக்கு 171 பிக்சல். இரண்டையும் 1366இலிருந்து கழித்தால் 1024 மிஞ்சும். 1024க்கு 768 என்பது மானிட்டர் இருக்கிறதா என்று தெரியாதபோது விண்டோஸ் போய் நிற்கும் பழைய அளவுகளில் ஒன்று. ஆக, அலுவலகக் கணினி தன் மானிட்டரைப் பார்க்கவில்லை.

அக்கா சொன்ன இன்னொரு தகவல் இதை உறுதிப்படுத்தியது. பகலில் வீட்டிலிருந்து இணைந்தால் படம் சரியாக வருகிறது, இரவில்தான் சுருங்குகிறது. அலுவலகத்தைப் பூட்டும்போது யுபிஎஸ்ஸில் இருக்கும் கணினியை விட்டுவிட்டு, மானிட்டரின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறார்கள். மின்சாரம் நின்றதும் அந்த மானிட்டர் ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்வதையும் நிறுத்திவிடுகிறது. எச்டிஎம்ஐ இணைப்பியில் 19 முனைகள் உண்டு. 19ஆவது முனை மானிட்டர் இணைந்திருப்பதைச் சொல்லும். 15, 16ஆவது முனைகள் வழியாக ஈடிஐடி என்ற சிறு தகவல் தொகுப்பைக் கணினி படித்துக்கொள்ளும். மானிட்டர் எந்தெந்த அளவில் படம் காட்டும் என்ற பட்டியல் அதில்தான் இருக்கிறது. அதைப் படிக்க முடியாவிட்டால் கணினிக்கு 1920 என்ற எண்ணே தெரியாது.

அலுவலகத்தில் கேபிளைக் கழற்றியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. இணைப்பியின் உள்ளே பச்சைக் களிம்பு. மண்டபம் ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா என்று இரு கடலுக்கு நடுவே கிடக்கும் ஊர். கச்சான் காற்றானாலும் வாடைக் காற்றானாலும் உப்பு உள்ளே வராமல் போகாது. போதாததற்கு அந்த அறையை ஒட்டியே ஐஸ் உடைக்கும் இடம். களிம்பு பிடித்த கேபிளில் படம் வந்துகொண்டே இருக்கும். ஈடிஐடி மட்டும் விட்டுவிட்டுப் படிக்கப்படும். கடற்கரையில் கணினி பார்க்கிறவர்கள் மென்பொருளைச் சந்தேகிக்கும் முன் ஒயரை ஒருமுறை கழற்றிப் பார்ப்பது நல்லது. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த மென்மையான தூரிகையால் முனைகளைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, புதிய கேபிள் மாட்டினேன். பயன்படாத துளைகளுக்கு ரப்பர் மூடி போட்டு, பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்தேன்.

மானிட்டரை அணைத்தாலும் அளவு சுருங்காமல் இருக்க டம்மி பிளக் என்ற சிறு செருகி கடைகளில் கிடைக்கிறது. அதன் உள்ளே ஈடிஐடி எழுதப்பட்ட ஒரு சில்லு இருக்கும்; மானிட்டர் மாட்டியிருப்பதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். 4கே அளவு வரை சொல்லும் செருகியைப் போட்டால் விண்டோஸ் தானாகவே 3840க்கு 2160ஐத் தேர்ந்தெடுத்துவிடக்கூடும். அதை 1366 பிக்சல் திரையில் காட்டினால் எழுத்து எறும்பாகிவிடும். டிஸ்ப்ளே செட்டிங்கில் 1920க்கு 1080 என்று கையால் குறைத்து வைக்க வேண்டும்.

இத்தோடு திரைப்பகிர்வு சரியாகிவிட்டது என்றாலும் அக்காவின் தேவைக்கு அது போதவில்லை. 1920 அகலப் படத்தை 1366க்குள் அடக்கினால் எழுத்தின் அளவு ஏறக்குறைய 71 சதவீதமாகக் குறையும். பக்க விகிதம் ஒன்றாக இருப்பதால் கறுப்புப் பட்டை வராது, ஆனால் 3க்கும் 8க்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு எண்கள் மங்கும். எடை எழுதும் தாளில் இது ஆகாது. அலுவலகக் கணினியில் இருப்பது விண்டோஸ் 10 புரோ. ஹோம் பதிப்பில் இல்லாத ரிமோட் டெஸ்க்டாப் வசதி அதில் உண்டு. கணக்கு வேலைக்கு அதையே பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம்.

ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பு நுழையும் வாசலான 3389 என்ற போர்ட்டை ரவுட்டரில் வெளியுலகத்துக்குத் திறந்துவிடும் பழக்கம் இன்றும் பல இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. இணையத்துக்குள் நமக்கென்று ஒரு மறைபாதை போடும் விபிஎன்னை வயர்கார்டு என்ற மென்பொருளால் அமைத்து, அதற்குள்தான் ரிமோட் டெஸ்க்டாப் நடக்கிறது. இந்த முறையில் அக்கா உள்ளே நுழைந்ததும் அலுவலக மானிட்டர் பூட்டுத்திரைக்குப் போய்விடும். ஒரே நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். முதலாளி அருகில் உட்கார்ந்து சேர்ந்து பார்க்க விரும்பும் நாளுக்குத் திரைப்பகிர்வை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

புதிய முறையிலும் முதல் இணைப்பில் நகர்த்துப்பட்டைகள் வந்து நின்றன. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. அவருடைய மடிக்கணினியில் எப்போதோ யாரோ சேமித்துக் கொடுத்த ஆர்டிபி கோப்பு, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பின் அமைப்புகளைக் குறித்துவைக்கும் கோப்பு, ஒன்று இருந்தது. அது வெறும் எழுத்துக் கோப்புதான், நோட்பேடில் திறக்கலாம். அகலம் 1920, உயரம் 1080 என்று நிலையாக எழுதப்பட்டிருந்தது. ‘ஸ்கிரீன் மோட் ஐடி’ என்ற வரியின் கடைசியில் 1. அந்த எண் 1 என்றால் சாளரமாகத் திறக்கும், 2 என்றால் முழுத்திரை. 1920இல் 1366 போனால் 554 பிக்சல் வலப்பக்கம் வெளியே தங்கிவிடும். பாக்கிக் கட்டம் கிடந்தது அந்த 554க்குள்ளேதான்.

கோப்பைத் திருத்தத் தயங்குகிறவர்கள் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷனைத் திறந்து, டிஸ்ப்ளே தாவலில் உள்ள நகர்த்தியை வலது கோடிக்குத் தள்ளினாலே போதும். ‘ஃபுல் ஸ்கிரீன்’ என்று காட்டும். பிறகு முதல் தாவலுக்கு வந்து சேமிக்க வேண்டும். சேமிக்காமல் இணைத்தால் அந்த மாற்றம் ஆவணங்கள் கோப்புறையில் மறைந்திருக்கும் ‘டிஃபால்ட்’ என்ற ஆர்டிபி கோப்பில் மட்டும் பதியும். மேசைத்திரையில் இருக்கும் உங்கள் கோப்பு பழைய எண்களோடு அப்படியே இருக்கும். ‘நேற்று சரியாக வந்தது, இன்று வரவில்லை’ என்ற புகார்களில் கணிசமானவை இங்கிருந்து கிளம்புகின்றன.

அதே கோப்பில் இன்னும் இரண்டு வரிகளைக் கவனித்தேன். ‘டைனமிக் ரெசல்யூஷன்’ என்பதை 1 ஆக்கினால், சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது தொலைவுக் கணினி தன் படத்தின் அளவையே மாற்றிக்கொள்ளும். எழுத்து கூர்மையாக இருக்கும். தொலைவில் விண்டோஸ் 8.1 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால்தான் இது நடக்கும். ‘ஸ்மார்ட் சைசிங்’ என்பது வேறு: அங்கிருந்து வரும் படம் மாறாது, இங்கே அதைச் சுருக்கியோ நீட்டியோ காட்டும். படம் திரைக்குள் அடங்கிவிடுவதால் பலரும் இரண்டாவதைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எண்களோடு வேலை செய்கிறவருக்கு முதலாவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

முழுத்திரை வந்தது. வந்ததும் மேலே நீலப் பட்டை ஒன்று எக்செல்லின் தலைப்பை மறைத்தது. அதன் ஓரத்தில் உள்ள குண்டூசிப் படத்தைச் சொடுக்கினால் பட்டை மேலே ஏறி ஒளிந்துகொள்ளும். சுட்டியை மேல்விளிம்புக்குக் கொண்டுபோனால் திரும்ப இறங்கும். பட்டையே வேண்டாம் என்று அணைத்துவிடவும் வழி உண்டு. ஆனால் அப்புறம் முழுத்திரையிலிருந்து வெளியே வரக் கண்ட்ரோல், ஆல்ட், பிரேக் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் பிரேக் விசையே இல்லை. சிலவற்றில் எஃப்என் விசையோடு பி விசையை அழுத்தினால் அது பிரேக்காக வேலை செய்யும். சிலவற்றில் அதுவும் இல்லை. அக்காவின் கணினியில் அந்த வசதி இல்லாததால் பட்டையை ஒளித்துவைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தது நான் எதிர்பாராத தொல்லை. எடைச் சீட்டுகளின் படங்கள் அக்காவின் வீட்டுக் கணினியில் வாட்ஸ்அப்பில் வரும். சாளரமாக இருந்தவரை ஆல்ட், டேப் அழுத்தி அதற்குப் போய் வந்துகொண்டிருந்தார். முழுத்திரை வந்தபின் ஆல்ட், டேப் அலுவலகக் கணினியின் சாளரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. இது கோளாறில்லை. விண்டோஸ் விசைச் சேர்க்கைகள் முழுத்திரையின்போது மட்டும் தொலைவுக் கணினிக்குப் போகும் என்பதுதான் இயல்பான அமைப்பு. லோக்கல் ரிசோர்சஸ் தாவலில் விசைப்பலகைக்கான தேர்வை ‘இந்தக் கணினியில்’ என்று மாற்றினேன். இப்போது ஆல்ட், டேப் வீட்டுக் கணினிக்கு; ஆல்ட், பேஜ்அப் அலுவலகக் கணினிக்கு. அன்று மாலைக்குள் அவருக்குக் கை பழகிவிட்டது.

கூட்டுத்தொகை வரியை மறைத்துக்கொண்டிருந்தது வீட்டுக் கணினியின் டாஸ்க்பார். முழுத்திரைக்குப் பின்னால் ஒளிய வேண்டியது சில நேரம் மேலேயே தங்கிவிடுகிறது. பெரும்பாலும் ஏதோ ஒரு நிரல் கவனத்தைக் கேட்டு டாஸ்க்பாரில் மின்னிக்கொண்டிருக்கும். அந்த நிரலைத் திறந்து பார்த்தாலே அடங்கும். அடங்காவிட்டால் டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். கணினியை அணைத்துப் போட வேண்டாம்.

அக்காவின் மகன் கல்லூரிக்கு வாங்கிய மடிக்கணினி 14 அங்குலம், 1920க்கு 1200 பிக்சல், 150 சதவீத உருப்பெருக்கம். சில நாள் அக்கா அதிலிருந்து இணைவார். அப்போது எக்செல் நன்றாகத் தெரிகிறது, பழைய பில் மென்பொருளின் எழுத்து மட்டும் புகைபிடித்தது போல மங்குகிறது. உருப்பெருக்க அளவைத் தொலைவுக் கணினி உள்நுழையும் நேரத்தில் வாங்கிக்கொள்கிறது. நீலப் பட்டையின் பெருக்கல் குறியை அழுத்தினால் இணைப்பு மட்டும்தான் துண்டிக்கும். அங்கே வேலை திறந்தபடியே இருக்கும். காலையில் பழைய மடிக்கணினியின் 100 சதவீதத்தில் தொடங்கிய மென்பொருளை இரவில் 150 சதவீதத் திரையில் திறந்தால், அது தன்னை மறுபடி வரைந்துகொள்ளத் தெரியாமல் விண்டோஸால் நீட்டப்படுகிறது. கணினி மாறும்போதெல்லாம் சைன் அவுட் செய்துவிட்டுப் புதிதாக உள்ளே வரச் சொன்னேன். இதற்கு வேறு எந்த அமைப்பையும் மாற்றவில்லை.

ஒருநாள் உள்நுழைந்ததும் முழுக் கறுப்புத்திரை, சுட்டி மட்டும் நகர்ந்தது. அலுவலகக் கணினியில் படத்தைத் திரைக்கு அனுப்பும் வன்பொருளை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் மிகப் பழையது. விண்டோஸ் 10இன் 1903 என்ற எண்ணுள்ள பதிப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் டபிள்யூடிடிஎம் என்ற புதிய வகைத் திரை டிரைவருக்கு மாறியது. பழைய கிராபிக்ஸ் டிரைவர்கள் சில அதோடு ஒத்துப்போவதில்லை. விண்டோஸின் விதிகளை மாற்றும் குரூப் பாலிசி எடிட்டரில் அட்மினிஸ்ட்ரேடிவ் டெம்ப்ளேட்ஸ், விண்டோஸ் காம்போனென்ட்ஸ், ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ், ரிமோட் டெஸ்க்டாப் செஷன் ஹோஸ்ட், ரிமோட் செஷன் என்விரான்மென்ட் என்று உள்ளே போனால், ரிமோட் இணைப்புக்கு டபிள்யூடிடிஎம் டிரைவரைப் பயன்படுத்து என்று பொருள்படும் ஒரு விதி இருக்கும். அதை டிசேபிள் செய்து கணினியை மறுதொடக்கம் செய்தேன். கறுப்புத்திரை அதன்பின் வரவில்லை. டிரைவரைப் புதுப்பிக்க முடிந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். இந்தக் கணினிக்குப் புதிய டிரைவர் கிடைக்கவில்லை.

முழுத்திரை என்றால் டேட்டா தீர்ந்துவிடுமோ என்று அக்கா கவலைப்பட்டார். கணக்கைக் காட்டினேன். 1366க்கு 768 திரையின் ஒரு முழுப்படம், பிக்சலுக்கு 4 பைட் வீதம், சுருக்காமல் எடுத்தால் ஏறக்குறைய 4.2 எம்பி. 1920க்கு 1080 என்றால் 8.3 எம்பி. ஆனால் ஒவ்வொரு நொடியும் முழுப்படம் போவதில்லை. மாறிய பகுதி மட்டும், அதுவும் சுருக்கப்பட்டுப் போகிறது. எண் தட்டும் தாளில் நொடிக்கு ஒரு கட்டம் மாறினாலே அதிகம். எக்ஸ்பீரியன்ஸ் தாவலில் மேசைத்திரைப் படத்தையும் அசைவுகளையும் நிறுத்திவைத்தேன். தங்கச்சிமடத்தில் கைப்பேசி இணையத்திலேயே தடங்கலின்றி ஓடுகிறது.

பிறகு அக்கா அலுவலகத்தில் சும்மா கிடந்த ஒரு மானிட்டரை வீட்டுக்குக் கொண்டுபோனார். பெரிய திரையில் கணக்குத் தாள், மடிக்கணினியில் எடைச் சீட்டு என்பது அவர் எண்ணம், நல்ல எண்ணம். ஆனால் முழுத்திரை எப்போதும் மடிக்கணினியிலேயே போய் விழுந்தது. எந்தத் திரையில் விழ வேண்டும் என்பதை, கோப்பில் சாளரத்தின் இடத்தைக் குறிக்கும் ‘வின்போஸ்’ என்று தொடங்கும் வரி முடிவு செய்கிறது. முழுத்திரையிலிருந்து சாளரத்துக்கு வந்து, சாளரத்தைப் பெரிய மானிட்டருக்கு இழுத்துவிட்டு, அங்கே மறுபடி முழுத்திரை ஆக்கினால் அந்தத் திரையில் நிற்கும். நிலையாக வேண்டுமென்றால் அந்த வரியில் உள்ள எண்களைப் பெரிய மானிட்டரின் எல்லைக்குள் வருமாறு மாற்றிச் சேமிக்கலாம். நான் அப்படித்தான் செய்தேன். எல்லா மானிட்டர்களையும் பயன்படுத்து என்ற தேர்வைப் போட்டால் கணக்குத் தாள் இரண்டு திரையையும் பிடித்துக்கொள்ளும். எடைச் சீட்டுக்கு இடம் இருக்காது.

என் சொந்த மடிக்கணினியில் லினக்ஸ். ஃப்ரீஆர்டிபி என்ற ரிமோட் டெஸ்க்டாப் நிரல் மூலம் இணையும்போது டைனமிக் ரெசல்யூஷனையும் ஸ்மார்ட் சைசிங்கையும் சேர்த்துக் கொடுத்தால் ஏற்காது, ஒன்றைத் தேர வேண்டும். முழுத்திரையிலிருந்து வெளியே வர அங்கே கண்ட்ரோல், ஆல்ட், என்டர். ரெமினா என்ற இன்னொரு நிரலில் வலது கண்ட்ரோலும் எஃப் விசையும். அகலத்தைக் கையால் எழுதுகிறவர்கள் ஒற்றைப்படை எண்ணைத் தவிர்க்க வேண்டும். இணைப்பின் நடுவில் அளவை மாற்றும் ஆர்டிபி நெறிமுறை இரட்டைப்படை அகலத்தைத்தான் ஏற்கும்.

எடைமேடையோடு இணைந்த கணினி ஒன்று மட்டும் மீதமிருக்கிறது. அதில் இன்னும் விண்டோஸ் 7. எடைமேடைக்கான மென்பொருள் அதில்தான் ஓடுகிறது. அந்தப் பதிப்புக்கு டைனமிக் ரெசல்யூஷனும் தெரியாது, இணைகிறவரின் உருப்பெருக்க அளவும் எட்டாது. இப்போதைக்கு ஸ்மார்ட் சைசிங் போட்டு, மகனின் மடிக்கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் நிரலின் பண்புகளில் கம்பாட்டிபிலிட்டி தாவலுக்குப் போய், உயர் டிபிஐ உருப்பெருக்கத்தைச் சிஸ்டம் பார்த்துக்கொள்ளுமாறு மாற்றியிருக்கிறேன். எழுத்து சற்று மென்மையாக இருந்தாலும் படிக்க முடிகிறது. அந்தப் பதிப்புக்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்துவிட்டதால், அதை விபிஎன்னுக்கு வெளியே எட்டிப்பார்க்க விடவில்லை. எடைமேடை மென்பொருளைப் புதிய கணினிக்கு மாற்றும் வேலையை, விசைப்படகுகள் கடலுக்குப் போகும் முன் தொடங்குவதாக முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன்.